நந்திகிராமத்தில் இறங்குங்கள்

இலங்கையில் போர் முடிந்து, விபீஷணனுக்கு முடிசூட்டிப் புஷ்பக விமானத்தில் ஏறிய இராமபிரான் நேரே அயோத்தி அரண்மனையில் வந்து இறங்கினார் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வால்மீகி முனிவர் அவ்வாறு சொல்லவில்லை. பதினான்கு ஆண்டுகள் நிறைவுற்ற பஞ்சமியன்று பெருமான் பரத்வாஜரின் ஆசிரமத்தில் இறங்குகிறார். முனிவரிடம் அவர் முதலில் விசாரிப்பது ஊரின் நலத்தை. பரதன் எவ்வாறு இருக்கிறான், தாய்மார்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கிறார். பிறகு அனுமனை அழைத்து, நீ முன்னால் சென்று பரதனைப் பார், நான் திரும்பி வருகிறேன் என்று சொல், அப்போது அவன் முகத்தின் நிறம், பார்வை, பேச்சு ஆகியவை எப்படி மாறுகின்றன என்று கவனித்து வா என்கிறார். நெடுநாள் ஆண்ட பழக்கத்தால் அவனுக்கு அரசில் விருப்பம் உண்டாகியிருந்தால் அவனே ஆளட்டும் என்றும் சொல்கிறார்.

உபந்நியாசங்களில் இந்தக் கட்டம் வரும்போது, பெருமான் பரதனைச் சந்தேகிக்கலாமா என்ற கேள்வி எழும். உபந்நியாசகர் சமாதானம் சொல்வார், நாமும் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அது சந்தேகமன்று என்பது அடியேனின் எண்ணம். ஊரை விட்டுப் போனவன் திரும்பி வரும்போது, ஊரிலேயே இருந்தவன் மனத்தை அறிந்துகொள்ளாமல் வாசற்படி ஏறக்கூடாது என்ற மரியாதை அது. போனவனுக்குப் பதினான்கு ஆண்டு வனவாசம் என்றால் இருந்தவனுக்கும் அதே பதினான்கு ஆண்டு. அயோத்திக்கு ஒரு குரோச தூரத்தில் நந்திகிராமத்தில், மரவுரியும் சடையுமாக அவனும் காத்திருந்தான். பெருமானும் அந்த நந்திகிராமத்தில்தான் இறங்கினார். அங்கேயே சடை நீக்கி நீராடினார். அதன் பிறகே நகரப் பிரவேசம்.

கும்பகோணம் இராமசுவாமி கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் சன்னிதியில் பட்டாபிஷேகக் கோலத்தைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்துக் கோயில் அது. சீதாபிராட்டியும் பெருமானும் ஒரே ஆசனத்தில் வீற்றிருக்க, அனுமன் ஒரு கையில் வீணையும் மறு கையில் சுவடியுமாக இருக்கும் அழகு வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. ஆனால் பிராகாரச் சுவரில் இராமாயணம் முழுவதும் ஓவியமாக எழுதப்பட்டிருக்கிறது. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் சுற்றி வந்து பாருங்கள். பட்டாபிஷேகத்துக்கு முன்னால் எத்தனை நிகழ்ச்சிகள் இருக்கின்றன என்பது தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம், நம் ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சில திறக்கப்படுவதுதான். அமெரிக்காவில் முப்பது ஆண்டு இருந்தவர்கள், சிங்கப்பூரில் ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவில் வேலை முடிந்தவர்கள் என்று பலர் காவிரிக்கரைக்குத் திரும்பி வருகிறார்கள். வளைகுடாவிலிருந்து வருபவருக்குத் திரும்புதல் விருப்பமன்று, விதி. வேலை முடிந்தால் அங்கே தங்கும் அனுமதியும் முடிந்தது. மற்றவர்கள் பல ஆண்டுகள் யோசித்து, பிள்ளைகளோடு விவாதித்து, கோயில் வாசலில் வீடு வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் என்பதால் இவர்களில் பலர் கணக்கு வழக்கு விசாரிக்க என்னிடம் வருவதுண்டு. கணக்கு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு வேறு பேச்சு தொடங்கும்.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அண்ணன் 1989 இல் மஸ்கட் சென்றார். கட்டுமான நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்து 2017 இல் திரும்பினார். தம்பி உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியர். தந்தை கடைசி நான்கு ஆண்டுகள் படுக்கையில் கிடந்து காலமானார். தாயாரும் அடுத்த ஆண்டே போய்விட்டார். இரண்டு முறையும் அண்ணன் விமானம் பிடித்து வந்து கொள்ளி வைத்துவிட்டு, காரியங்கள் முடிந்ததும் திரும்பிச் சென்றார். ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியது அவருடைய பணம்.

திரும்பி வந்த முதல் ஆடி மாதம், குலதெய்வமான அய்யனார் கோயிலில் பூசை. மூத்தவர் ஊரில் இல்லாததால் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தம்பிதான் பரிவட்டம் கட்டிக்கொண்டு வந்தார். அன்று பூசாரி துணியைக் கையில் ஏந்தியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணனுக்கே கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தம்பி பிரசாதம் வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எட்டு மாதம் பேச்சில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தது.

பாகப்பிரிவினைக்குக் கணக்குப் பார்த்துத் தர வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். மாதந்தோறும் அனுப்பிய தொகை, தேதி, வரைவோலை எண் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒரு வங்கிக்காரன் குறை சொல்ல முடியாத ஏடு. தம்பியும் ஒரு நோட்டு வைத்திருந்தார். வீட்டு வரி, நிலத் தீர்வை, மருந்துச் செலவு, கோயில் விளக்குக்கு எண்ணெய் என்று அதில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கூட்டல் போடத் தொடங்கினேன். உள்ளேயிருந்து தம்பியின் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நாலு வருஷம் மாமாவைக் குளிப்பாட்டினதுக்கு நான் ரசீது எதுவும் வாங்கி வைக்கலைங்க." அண்ணன் தம் நோட்டை மூடிவிட்டார்.

அன்று கணக்கு எதுவும் முடியவில்லை. ஆனால் அடுத்த மாதம் அண்ணன் ஒரு காரியம் செய்தார். பக்கத்துத் தெருவில் சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடிபோனார். சொந்த வீடு இருக்க வாடகை வீடா, தம்பி துரத்திவிட்டானா என்று ஊர் பேசியது. பேசியவர்கள் யுத்த காண்டத்தைக் கடைசிவரை வாசிக்காதவர்கள். நந்திகிராமம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. நாளடைவில் தம்பி வீட்டுப் பிள்ளை பெரியப்பாவிடம் கணக்குப் பாடம் கேட்கப் போனான். அமாவாசைத் தர்ப்பணத்தை இருவரும் ஒரே படித்துறையில் செய்தார்கள். இப்போது பரிவட்டம் ஓராண்டு அண்ணனுக்கு, ஓராண்டு தம்பிக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாவதாக ஒரு தங்கை இருப்பதையே மறந்துவிட்டார்கள். 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு உண்டு என்று நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அவர் தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பரதன் அண்ணனிடம் அரசை ஒப்படைக்கும் இடத்தை வங்கிக்காரன் என்ற முறையில் நான் மிகவும் இரசிப்பேன். கருவூலம், களஞ்சியம், அரண்மனை, படை எல்லாவற்றையும் பார்வையிடுங்கள், தங்கள் மகிமையால் அனைத்தையும் பத்து மடங்கு பெருக்கியிருக்கிறேன் என்று கணக்கு ஒப்புவிக்கிறான். பெருமான் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்ததாக எங்கும் இல்லை. தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார் என்றுதான் இருக்கிறது.

இனி நம் கணக்குக்கு வருவோம். திரும்பி வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. நிலையாகத் தங்குவது என்று வந்துவிட்டால், வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்.ஆர்.இ. கணக்கை அப்படியே தொடரக்கூடாது. வங்கிக்குத் தெரிவித்து உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது பணத்தை ஆர்.எஃப்.சி. என்னும் வெளிநாட்டுச் செலாவணிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். எஃப்.சி.என்.ஆர். வைப்பு மட்டும் முதிர்வு நாள் வரை ஒப்புக்கொண்ட வட்டியிலேயே தொடரலாம். என்.ஆர்.இ. வட்டிக்கு இருந்த வரிவிலக்கு, நாம் உள்நாட்டவர் ஆனதோடு முடிந்துவிடுகிறது. யார் கேட்கப் போகிறார்கள் என்று ஐந்தாறு ஆண்டுகள் பழைய கணக்கையே வைத்திருந்து, பிறகு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவருக்கு வருமான வரிச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. திரும்பிய பின் வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுகள் அவர் முழுமையான குடியிருப்பாளராகக் கருதப்படுவதில்லை. அக்காலத்தில் வெளிநாட்டில் ஈட்டிய வட்டி, வாடகை முதலியவற்றுக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. சட்டமே ஒரு நந்திகிராமம் வைத்திருக்கிறது பாருங்கள்! அந்த அவகாசம் முடிந்ததும் வெளிநாட்டிலுள்ள வங்கிக் கணக்கு, பங்கு, வீடு எல்லாவற்றையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அவற்றை வைத்திருப்பது குற்றமன்று. அங்கே இருந்தபோது சேர்த்ததை இங்கே வந்த பின்னும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. காட்டாமல் மறைப்பதுதான் 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுமையான தண்டத்துக்கு உரியது. உங்கள் நாட்கணக்கைப் பொறுத்து இந்த ஆண்டுகள் கூடும், குறையும். நல்ல பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் கடவுச்சீட்டோடு போய் உட்காருங்கள்.

அந்நியக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டையோடு வருபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வீடு வாங்கலாம், விளைநிலம் வாங்க முடியாது. தந்தை வைத்த நஞ்சை வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலையும் சேர்த்து வாங்கி இயற்கை விவசாயம் செய்யும் கனவோடு வந்த ஒருவருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

விமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நந்திகிராமத்தில் இறங்கியவுடன் இராமபிரான் புஷ்பகத்தை அதன் உரியவனான குபேரனிடமே திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஒன்றில் மட்டும் பெருமானை அப்படியே பின்பற்றும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. அமெரிக்காவின் பச்சை அட்டை வைத்திருப்பவர் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அந்த உரிமைக்கே ஆபத்து வரும். ஆனால் புறப்படும் முன்பே மனுச் செய்தால் இரண்டு ஆண்டு வரை வெளியே தங்க மறுநுழைவு அனுமதி வாங்கலாம். அந்த அவகாசத்தில் உடம்பும் மனமும் இங்கே ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். பார்த்து முடித்த பிறகு அட்டையை முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும். பத்து ஆண்டுகள் விமானத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பவர் எந்த வீட்டிலும் குடியிருப்பதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் பலர் இடறுகிறார்கள். அமெரிக்க மெடிகேர் பொதுவாக இங்கே செல்லாது. இங்கே புதிதாக எடுக்கும் காப்பீட்டிலோ, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு நான்கு ஆண்டு வரை இருந்த அந்த உச்சவரம்பு 2024 ஏப்ரல் முதல் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமுமாக வருபவருக்கு மூன்று ஆண்டு என்பது சிறிய காலமா? திரும்புவது என்று முடிவு செய்த அன்றே, அங்கிருந்தபடியே இங்குள்ள காப்பீட்டு நிறுவனத்தை விசாரித்துத் தொடங்கிவிடுங்கள். நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த சிறிய வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. 1914 மார்ச்சில் கப்பலேறியவர் 1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். ஐந்தே ஆண்டுகள். அழைத்துவரத் தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். மனைவி ஜானகி வரவில்லை. அவள் எங்கே என்பதுதான் அவருடைய முதல் கேள்வி என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் மூண்டிருந்த கசப்பின் அளவு கடலுக்கு அப்பால் இருந்தவருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னே சென்று வீட்டின் முகக்குறிப்பை அறிந்து சொல்ல ஓர் அனுமன் இல்லை. உடல் நலிந்த நிலையில் இங்கே அவர் வாழ்ந்தது ஓராண்டும் சில நாட்களும். அந்த ஓராண்டில், மனைவி அருகிலிருந்து பணிவிடை செய்ய, அவர் கணக்கெழுதிக்கொண்டே இருந்தார். 'மாக் தீட்டா' என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதியது இங்கிருந்துதான். ஏப்ரல் 26 அன்று மறைந்தபோது வயது முப்பத்திரண்டு.

திரும்பி வரும் அன்பர்களுக்குக் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். போற்றத்தக்க தவிப்புதான். ஆனால் வந்த மூன்றாம் மாதமே பழைய கல் தளத்தின் மேல் வழுவழுப்பான ஓடு பதிக்கலாமா, ஒலிபெருக்கியை மாற்றலாமா என்று குருக்களைப் போட்டு அவசரப்படுத்துகிறார்கள். அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் நெளிகிறார். அந்தக் கல்லின் மேல்தான் தெருவிலுள்ள கிழவிகள் வழுக்காமல் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஓராண்டு சும்மா போய்ச் சேவித்துவிட்டு வரலாம். மெய்க்காவலர் பெயர், பூக்காரம்மாவின் பெயர், பிரதோஷத்துக்கு ஆண்டுக்கணக்காகப் பால் கொடுத்துவரும் வீடு எது என்பதெல்லாம் தெரிந்துகொள்வதற்கே ஓராண்டு ஆகும். சட்டமும் ஒன்று சொல்கிறது. அந்நிய நாட்டுக் குடிமகனாகிவிட்டவர் கொடுக்கும் நன்கொடை, ரூபாயாகவே கொடுத்தாலும், அயல்நாட்டு நிதியாகவே கருதப்படும். அதற்கான பதிவு இல்லாத கோயிலோ அறக்கட்டளையோ அதை வாங்கக்கூடாது. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் இந்தத் தடை இல்லை. கல்வெட்டில் பெயர் வெட்டும் முன் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

ஒன்று மட்டும் நான் பலமுறை கவனித்தது. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் ஆண்களுடையது. அவர்கள் திரும்புவது தாம் பிறந்த ஊருக்கு. மனைவிக்கோ அது புகுந்த ஊர், அதிலும் ஒரு சில மாதங்களே வாழ்ந்த ஊர். முப்பது ஆண்டில் அவருக்கென்று அமைந்த தோழியர், கோயில் மடைப்பள்ளியில் சேர்ந்து பிரசாதம் செய்த கூட்டம், தாமே கார் ஓட்டிச் சென்ற சுதந்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேரக்குழந்தைகள், அத்தனையும் அங்கே நின்றுவிட்டன. கணவர் காலையில் காவிரியில் நீராடிவிட்டு ஆனந்தமாக வருகிறார். இவர் அடுக்களையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அனுமனை அனுப்பி அறிய வேண்டிய மனம் அயோத்தியில் மட்டுந்தான் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து இருக்கையில் பயணம் செய்து வந்தவரின் முகத்தையும் பார்க்க வேண்டாமா?

எங்கள் தெருவுக்கு நியூஜெர்சியிலிருந்து வந்த ஓர் அம்மையார் முதல் ஆண்டு யாரோடும் அதிகம் பேசவில்லை. இரண்டாம் ஆண்டு மார்கழியில் தம் வீட்டுத் திண்ணையில் தெருக் குழந்தைகளுக்குத் திருப்பாவை சொல்லித்தரத் தொடங்கினார். நாலு பேரோடு ஆரம்பித்தது, சென்ற மார்கழியில் பதினொரு பேர். இங்கே விடியற்காலை ஐந்து மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஆறரை. பள்ளி விட்டு வந்து சிற்றுண்டி முடித்த பேத்தி, கைபேசித் திரையில் பன்னிரண்டாவது குழந்தையாக உட்கார்ந்துகொள்கிறாள். கைபேசியைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைப்பது மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவனின் பொறுப்பு. இணைப்பு அறுந்துபோனால், அது திரும்ப வரும் வரை அடுத்த பாசுரத்தைத் தொடங்க அவன் விடுவதில்லை.